கொல்லனின் வலது கை

பாரசீகத்தின் மலைநாட்டில் ஒரு சிறு நகரம். அங்கே தாராப் என்றொரு ஓவியர் இருந்தார். ஊரே அவரை உஸ்தாத் என்று கூப்பிடும். உஸ்தாத் என்றால் ஆசான்.

அவரிடம் படம் கற்றுக்கொள்ள நாஹீத் வந்தபோது அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. ஆசானுக்கு அவளைவிட வயது குறைவு. ஊர் கொஞ்சம் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் ஓவியப் பட்டறை வாசலில் நின்றாள்.

"இந்த வயசுல எதுக்கும்மா?" என்று தாராப் கேட்டார்.

"என் வீட்டுக்காரர் முகம் மறந்துக்கிட்டே வருது உஸ்தாத். புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். முந்தாநாள் அது இடதா, வலதான்னு தடுமாறிட்டேன். முழுசா மறக்கறதுக்குள்ள வரைஞ்சு வெச்சுக்கணும்."

அவள் கணவர் கோபாத் அந்த ஊர்க் கொல்லர். கோட்டைச் சிறைக்குக் கால்விலங்குகள் அடித்துத் தரச் சொன்னார்கள். கலப்பை கேளுங்கள், லாடம் கேளுங்கள், விலங்கு மட்டும் என் உலையில் காயாது என்று சொல்லிவிட்டார். வேறு யாரோ அடித்த விலங்கை அவர் காலில் பூட்டி உள்ளே தள்ளினார்கள்.

நாஹீத்தின் வீட்டு வாசலில் நின்றால் கோட்டை தெரியும். அதுதான் கொடுமை. கடல் தாண்டிப் போனவரை நினைத்து அழுது ஓய்ந்துவிடலாம். கூப்பிடு தூரத்தில் இருப்பவரை என்ன செய்வது? கோட்டைக்கு ரொட்டி கொண்டுபோகும் பானு மட்டும் திரும்பும் வழியில் "இருக்கார்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாஹீத் அன்றைய பொழுதைத் தள்ளுவாள்.

தாராப் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் தனி முகம் வரையறவன் இல்லம்மா. கதை வரையறவன். கதைக்குள்ள தேடினா உங்களுக்கு வேண்டிய முகம் கிடைச்சாலும் கிடைக்கும். உள்ளே வாங்க."

அவள் உள்ளே போனாள்.

நாஹீத்துக்குக் கை வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் வரைந்த குதிரை கழுதையாகத்தான் நின்றது. அவள் வரைந்த மலை துவைக்கப் போட்ட துணி மூட்டை மாதிரி இருந்தது. ஆனால் ஒரு முகம் மட்டும் வந்தது. வண்டிக்காரனை வரைந்தாலும், அரசனை வரைந்தாலும், மரத்தடியில் தூங்குகிறவனை வரைந்தாலும் அதே முகம், இடது புருவத்தில் அதே தழும்பு. தாராப் ஒருநாளும் அதைத் திருத்தவில்லை.

ஒருமுறை அவர் சீமுர்க் பறவையை வரைந்துகொண்டிருந்தார். மலை உச்சியில் கூடு கட்டியிருக்கும் மாயப் பறவை அது. ஆபத்தில் அதன் இறகை எரித்தால் பறந்து வந்து காப்பாற்றும் என்று அந்த நாட்டில் நம்பிக்கை.

"அந்த இறகு ஒண்ணு கிடைச்சா நானும் எரிச்சுப் பார்ப்பேன்" என்றாள் நாஹீத்.

"என் தம்பியைப் பிடிச்சுட்டுப் போனப்போ, நான் வரைஞ்ச இறகை எல்லாம் எரிச்சுப் பார்த்தேம்மா."

"என்ன ஆச்சு?"

"படம் போச்சு."

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைவீதித் தேநீர்க்கடையில் தாராப் வரைந்த ஒரு பெரிய திரைச்சீலை தொங்கிற்று. மாலையில் கதைசொல்லி ஒருவர் வந்து, கையிலிருக்கும் கோலால் ஒவ்வொரு காட்சியாகத் தொட்டுக் கதை சொல்வார். அந்தக் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையைக் கேட்கத்தான் எல்லோரும் வருவார்கள்.

ஓர் அரசன். அவன் தோள்களில் இரண்டு பாம்புகள் முளைத்தன. அவற்றுக்குத் தினமும் இளைஞர்களின் மூளை தீனி. ஒரு கொல்லனின் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசிப் பிள்ளையையும் பிடித்தபோது கொல்லன் நேராக அரசவைக்குள் நடந்தான். அரசனுக்கு உள்ளூர நடுக்கம். பிள்ளையை விட்டுவிட்டான். விட்டுவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினான். இந்த அரசன் நீதியைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை என்று அதில் எழுதியிருந்தது. பிரபுக்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நீயும் போடு என்றான். கொல்லன் காகிதத்தைக் கிழித்துக் காலில் போட்டு மிதித்தான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். தீப்பொறி படாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த தோலை அவிழ்த்து ஈட்டி முனையில் கட்டினான். அதுவே கொடி. அதன் பின்னால் ஊர் திரண்டது.

பின்னால் வந்த அரசர்கள் அந்தத் தோலுக்கு ரத்தினம் பதித்தார்களாம். தாராப் வரையும்போது வெறும் தோல்தான், தீப்பொறி பட்ட ஓட்டைகளோடு.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. கதை முடிந்ததும் ஜனங்கள் எழுந்து வந்து, பாம்பு அரசனின் முகத்தை நகத்தால் சுரண்டுவார்கள். கையெழுத்துப் போட்ட பிரபுக்களையும் விடமாட்டார்கள். அரசனுக்கும் பிரபுக்களுக்கும் முகமே இல்லாமல் போயிருந்தது. கொல்லனின் தோலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். அது கறுத்து மினுங்கிற்று.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா உஸ்தாத்? பாடுபட்டு வரைஞ்சது ஆச்சே."

"அழிஞ்சதுதான் அவங்க வரைஞ்சது. அதுல நான் கைவைக்கக் கூடாது" என்றார் தாராப்.

நகர அதிபதியின் காதுக்கு இந்தக் கதை போயிற்று. ஜனங்கள் கதை கேட்டுவிட்டு வெளியே வந்து கோட்டையையே பார்க்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதிபதி கெட்டிக்காரர். குழந்தைகளுக்குக்கூட மனப்பாடமான கதையைத் தடைசெய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். முடிவை மாற்றினால் போயிற்று.

அவருடைய ஆள் பட்டறைக்கு வந்தான்.

"புதுசா ஒரு சீலை வேணும். கடைசிக் காட்சியில கொல்லன் கையில பேனாவும் காகிதமும் இருக்கணும். கையெழுத்துப் போடறான். அதுதான் முடிவு."

"அப்படி ஒரு முடிவை நான் கேட்டதில்லை. கேக்காததை என்னால வரைய முடியாது" என்றார் தாராப்.

வந்தவன் நாஹீத்தின் பக்கம் திரும்பினான். அவளுக்கு முன்னால் விரித்திருந்த தாளில் அந்த முகம் இருந்தது.

"நீ கோபாத் சம்சாரம்தானே? நீ வரை. புத்தாண்டு அன்னிக்கு உன் புருஷன் வீட்டுல இருப்பான்."

அவன் போய்விட்டான்.

"உஸ்தாத்" என்றாள் நாஹீத். "கதையில கொல்லன் காகிதத்தைக் கிழிக்கறப்போ, பிள்ளையை விட்டாச்சு."

"ஆமா."

"விடாம இருந்திருந்தா? கையெழுத்துப் போட்டாத்தான் விடுவேன்னு சொல்லியிருந்தா? அப்போ அவன் என்ன செஞ்சிருப்பான்?"

தாராப் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அந்த இடம் கதையில இல்லம்மா."

"நான் அந்த இடத்துலதானே நிக்கிறேன்."

தாராப் எழுந்துபோய்க் கல்லை எடுத்துவந்து, அவளுக்காகக் கறுப்பு மை அரைக்க உட்கார்ந்தார். அது சீடர்கள் செய்யும் வேலை. அன்று ஆசான் அரைத்தார்.

நாஹீத் வரைந்தாள். பாம்புகள் கயிறுகளாகத்தான் வந்தன. கொல்லனுக்கு முகம் வரைய வேண்டி வந்தபோது அவளுக்குத் தெரிந்தது ஒரே முகம். வேண்டாம் என்று மனம் சொல்லியும் கை கேட்கவில்லை. இடது புருவத்தில் தழும்பு வந்து உட்கார்ந்தது. சீலையிலிருந்து கோபாத் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் காணாமல் அவள் எத்தனை காலம் இருந்துவிட்டாள். அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் வலது கை பாக்கி இருந்தது. நாணல் பேனாவையும் காகிதத்தையும் அதில் வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் வைத்தாள்.

பழைய சீலையைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தேநீர்க்கடையில் மாட்டினார்கள். வாசலில் ஒரு காவலாளியும் நின்றான். கதைசொல்லி வழக்கம்போலத் தொடங்கி, கடைசிக் காட்சிக்கு வந்தார். கோலால் பேனாவைத் தொட்டார். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஜனங்கள் எழுந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களின் முகத்தை இந்த ஊர் என்ன செய்யும் என்று நாஹீத்துக்குத் தெரியும். இப்போது கோபாத்தின் கண்ணில், மூக்கில், அந்தத் தழும்பில் நகங்கள் பாயப்போகின்றன. அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அதன் பிறகு கடைவீதிப் பக்கமே போகவில்லை.

புத்தாண்டு வந்தது. நாஹீத் வீட்டைக் கழுவி, வழக்கப்படி முளைவிட்ட கோதுமைப் பயிரைத் தட்டில் வைத்து, அவருடைய சட்டையை எடுத்து வெயிலில் போட்டாள். கோட்டைக் கதவு திறந்தது. யார் யாரோ வந்தார்கள். அவர் வரவில்லை.

அதிபதியின் ஆள் வந்தான்.

"படத்தைக் கெடுத்து வெச்சிருக்கானுங்க. நாளைக்குள்ள சரிபண்ணிக் கொடு. அப்புறம் உன் புருஷன் விஷயம் பார்க்கலாம்."

அவன் போன கையோடு பானு வந்தாள். அன்று "இருக்கார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கூடையை இறக்கி வைத்தாள்.

"அவர் ஒண்ணு கேட்டு அனுப்பியிருக்கார் அக்கா. கடையில மாட்டியிருக்கிற கொல்லனுக்கு அவரோட முகமாமே, அது உள்ளே வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

"என்ன கேட்டார்?"

"'என் கையில அவ என்ன கொடுத்திருக்கா'ன்னு கேட்டார்."

நாஹீத் கூடையைத் தூக்கிக் கொடுத்தாள். "நாளைக்குக் கடைக்கு வா. சொல்றேன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் தூரிகைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தாராப் அரைத்த மையை ஒரு கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு கூடவே நடந்தார். கடை வாசலில் காவலாளி சூடான தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். அவன் முதுகு சீலைப் பக்கம் இருந்தது. எப்போதும் அப்படித்தான் நிற்கிறான் என்றார் கடைக்காரர்.

சீலைக்கு முன்னால் போனதும் நாஹீத் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உஸ்தாத், முகம் இருக்கா?"

"நீங்களே பாருங்க."

"பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க."

"கண்ணைத் திறங்கம்மா."

திறந்தாள்.

முகம் இருந்தது. ஒரு கீறல் இல்லை. தழும்பின் மேல் மட்டும் விரல்கள் பட்டுப் பட்டு லேசாக மினுங்கிற்று. கடைக்காரர் பின்னாலிருந்து, "ஊருக்கெல்லாம் லாடம் அடிச்ச மனுஷன். அந்த முகத்துல யாரு கைவைப்பா?" என்றார்.

பேனா இல்லை. காகிதம் இல்லை. நகங்கள் சுரண்டிச் சுரண்டி அந்த இடத்தில் வெறும் துணி தெரிந்தது. வலது கை விரிந்து, காலியாக, எதிரே நிற்பவர்களை நோக்கி நீண்டிருந்தது. அப்படி ஒரு கையை நாஹீத் வரையவில்லை. அவளுக்கு வரையவும் தெரியாது.

தாராப் மைக்கிண்ணத்தை அவள் பக்கத்தில் வைத்தார். அவள் தூரிகையை எடுத்து நனைத்தாள். சொட்டு மை தரையில் விழுந்தது.

"பேனாவைத் திரும்ப வரைஞ்சா, விடுவாங்களா உஸ்தாத்?"

"விடலாம்."

"வரையலைன்னா?"

தாராப் தரையில் விழுந்த மையைத் துடைத்தார்.

"எனக்கு அவர் வேணும். கொடியும் வேண்டாம், கதையும் வேண்டாம். அவர் வந்து கதவைத் தட்டணும். அவ்வளவுதான். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

"அவர் உங்களை ஒண்ணு கேட்டிருக்காரேம்மா" என்றார் தாராப். "அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

வாசலில் பானு கூடையோடு வந்து நின்றாள். ரொட்டியின் மணம் கடைக்குள் வந்தது. அதில் ஒன்று கோபாத்தின் கைக்குப் போகும்.

நாஹீத் தூரிகையைத் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் கறுத்தது. எழுந்து, தன் வலது உள்ளங்கையைச் சீலையில் அந்தக் காலியான கையின் மேல் வைத்தாள். துணி சில்லென்று இருந்தது.

"பானு, அவர்கிட்ட உள்ளதைச் சொல்லு. உங்க கையில பேனா கொடுத்தேன், ஊர் பிடுங்கிடுச்சுன்னு சொல்லு. திரும்பக் கொடுக்கச் சொன்னாங்க, எனக்கு மனசு வரலைன்னு சொல்லு. இப்போ என் கையைக் கொடுத்திருக்கேன்னு சொல்லு."

பானு தலையாட்டிவிட்டுக் கோட்டைப் பக்கம் நடந்தாள். நாஹீத் கையை எடுக்கவில்லை.

"இனி அவர் வரமாட்டார் இல்லையா உஸ்தாத்?"

தாராப் மைக்கிண்ணத்தை எடுத்து மூடினார்.

"தெரியலம்மா. நாளைக்கும் வந்து பாருங்க. சீலையில இவர் கையை மடக்கியிருக்க மாட்டார்."