எந்த முன்பாய்?

இருதயராஜ் முப்பது வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டியவர். பாய்மரப் படகு ஓட்டக் கற்க வந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். கற்றுக்கொடுத்த செலின் டீச்சருக்கு அவர் மகளின் வயது.

இரண்டு வருஷமாக, இரண்டு உடல்களை இணைத்த கேட்டமரான் படகுகளின் பந்தயத்தில் அவருடையதுதான் கடைசி. காற்று விழுந்தால் படகும் நின்றுவிடும். இந்த முறையும் அப்படியே ஆனால் படகைக் கைகழுவிவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டார்.

பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது டீச்சரிடம் வந்தார். பாய்மரத்துக்கு முன்னால் கட்டும் முன்பாய்கள் இரண்டு அவரிடம் இருந்தன. ஒன்று பெரியது, வயிறு பருத்தது, துணியும் கனம். மற்றது அதில் பாதி; வேட்டி போல மெல்லியது. பந்தயத்துக்கு ஒன்றைத்தான் எழுதிக்கொடுக்கலாம். பெரியதை எழுதினால், படகுகளைச் சமப்படுத்தும் ஹேண்டிகேப் விதிப்படி அவர் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் நான்கு நிமிடம் கூட்டுவார்கள். பாயை உறையை விட்டு எடுக்காவிட்டாலும் கூட்டுவார்கள்.

“எது நல்ல பாய், டீச்சர்?”

மறுநாள் காலையில் செலின் அவரைக் கடலுக்குக் கூட்டிப்போனாள். பெரிய பாயை ஏற்றச் சொன்னாள். அது ஈரத்துணி போலத் தொங்கியது. இருதயராஜ் கயிற்றை இழுத்தார், தளர்த்தினார், வியர்த்தார். படகு அசையவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துச் சின்னதை ஏற்றச் சொன்னாள். ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாய் மெல்ல உப்பியது. அடியில் தண்ணீர் சலசலத்தது.

“காத்து வந்துடுச்சு டீச்சர்.”

“முன்னாடியும் இதே காத்துதான் அண்ணே இருந்துச்சு.”

அவர் சின்னதை எழுதிக்கொடுத்தார்.

பந்தயத்தில் ஒன்பது படகுகள். பாதி தூரத்தில் காற்று விழுந்தது. பெரிய பாய்க்காரர்கள் நின்றார்கள். இருதயராஜ் நடக்கப் பழகும் பிள்ளையைப் போல ஊர்ந்து ஊர்ந்து அவர்களைக் கடந்தார். கடைசியில் காற்று எழும்பியபோது மூன்று பேர் அவரை முந்திவிட்டார்கள். நாலாவதாகக் கரை தொட்டவர், முகம் தொங்க மணலில் உட்கார்ந்துவிட்டார். பெரிய பாய்க்கான நிமிடங்களைக் கூட்டி முடித்தபோது அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது.

எழுந்து நேராக டீச்சரிடம் போனார். படகை விடப்போவதில்லை என்றார். பெரிய பாயை மட்டும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். சின்னதுதான் நல்ல பாய் என்று இப்போது தெரிந்துவிட்டதாம்.

செலின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

“அடுத்த பந்தயம் எங்கேருந்து?”

“ராமேஸ்வரத்துலேருந்து இங்க.”

“அப்ப அதைக் குடுத்துடாதீங்க அண்ணே. அந்த வழி முழுக்க வாடைக்காத்து முதுகுலதான் பலமா அடிக்கும்.”