ஊசிக்கணவாய் விடுதிக்கு எந்தப் பக்கம் வாசல்?

ஊசிக்கணவாயின் உச்சியில் ஒரு பழைய கல் கட்டடம் இருந்தது. எந்தக் காலத்திலோ வனக்காவலர்கள் கட்டிக் குடியிருந்துவிட்டு, அப்படியே விட்டுப் போனது. கூரை பாதி விழுந்துவிட்டது. உள்ளே நாயுருவி முளைத்துக் கிடந்தது.

மேற்குக் காட்டுப் பிராணிகள் கிழக்குக் காட்டுக்குப் போக அந்தக் கணவாயை விட்டால் வேறு வழி கிடையாது. கடமானும் யானையும் ஒரே நாளில் கடந்துவிடும். முயல், சருகுமான், காட்டுக்கோழி போன்ற குட்டைக்கால் கூட்டத்துக்கு இரண்டு நாள் பிடிக்கும். நடுவில் ஓர் இரவை உச்சியில் கழித்தே தீரவேண்டும். போன ஆடி மாதம் அப்படித் தங்கிய ஒரு முயல் குடும்பம் மழையிலும் குளிரிலும் விறைத்துச் செத்துப்போயிற்று. சேதி கேட்டுக் காடே கலங்கிவிட்டது.

"அந்தக் கட்டடத்தைச் சரிபண்ணி, நடந்து வர்றவங்க ஒரு ராத்திரி தங்குற மாதிரி செஞ்சா என்ன?" என்று கேட்டது மொத்தையன் என்ற கரடி.

"செய்யலாமே!" என்றன எல்லாம்.

"யாரு மேஸ்திரி?"

"நான்தான்! வேற யாரு?" என்று கிளையிலிருந்து குதித்தது ஒரு கருமந்தி. அதன் பெயர் கருங்குழலன். உடம்பெல்லாம் மூளை என்று அதற்குத் தன்னைப் பற்றி ஒரு நினைப்பு. அந்த நினைப்பு முழுப் பொய்யும் இல்லை. கல்லைப் பார்த்த பார்வையிலேயே அது எங்கே உட்காரும் என்று சொல்லிவிடும்.

மாசி மாதம் வேலை ஆரம்பித்தது. கரடி கல் சுமந்தது. காட்டுப்பன்றிகள் மண்ணைக் குழைத்து மிதித்தன. மலையணில்கள் புல்லை வரிசையாக அடுக்கிக் கூரை வேய்ந்தன. கருங்குழலன் எல்லாரையும் அதட்டிக்கொண்டே தானும் பாடுபட்டது. கூலி கேட்கவில்லை, சோம்பி உட்காரவும் இல்லை. அந்த விஷயத்தில் அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஒன்றே ஒன்றுதான் அதன் கண்ணை உறுத்தியது. கட்டடத்தின் வாசல்.

வாசல் கிழக்குப் பக்கம் இருந்தது. அதற்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில், பெரிய பாறை ஒன்று நின்றது. பாறைக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை நெளித்துக்கொண்டுதான் உள்ளே போகமுடியும். மேற்கிலோ பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. தூரத்தில் ஓர் அருவி. அந்தப் பக்கம் ஒரு பொந்துகூட இல்லாமல் கனத்த சுவர்!

"வாசலைத் திறந்தா பாறை! எந்த மடையன் கட்டினான் இதை?" என்று தலையில் அடித்துக்கொண்டது கருங்குழலன். "இதை அடைச்சிரலாம். மேற்கால சுவரை இடிச்சு, யானை நுழையுற மாதிரி ஒரு வாசல் வைப்போம். வர்றவங்க படுத்துக்கிட்டே அருவியைப் பார்க்கட்டும்!"

"ஆகா!" என்றன அணில்கள்.

அந்தச் சமயம் பார்த்துக் கிழக்கேயிருந்து ஒரு சருகுமான் வந்தது. சிற்றடி என்று பெயர். முயல் உயரம்தான் இருக்கும். ஒவ்வோர் ஆடியிலும் மேற்குக் காட்டில் வெள்ளம் ஏறும்போது கிழக்கே போய், சித்திரையில் வீடு திரும்புவது அதன் வழக்கம். மூச்சு வாங்க நின்று, வேலையைப் பார்த்தது. இடிக்கப்போகும் சுவரையும் பார்த்தது.

"மேஸ்திரி அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு தங்கச்சி."

"மேற்கால வாசல் வேணாம். ஆடியில காத்து அங்கேயிருந்துதான்..."

"காத்தைப் பத்தி எனக்கே சொல்றியா? நான் இந்த மலையில பொறந்தவன்!"

மலையில் பிறந்தது உண்மைதான். ஆனால் சாரல் தொடங்கியதுமே மந்திக் கூட்டம் முழுவதும் அடிவாரத்துக்கு இறங்கிவிடும். கரடி குகைக்குள் போய்விடும். பன்றியும் அணிலும் தாழ்ந்த காட்டோடு நின்றுவிடும். ஆடி மாதத்து உச்சியைக் கருங்குழலன் ஒருநாளும் கண்டதில்லை. கட்டுகிறவர்களில் ஒருவர்கூடக் கண்டதில்லை.

"இல்லண்ணே, அந்தப் பாறை..."

"தங்கச்சி, நீ விருந்தாளி! விருந்தாளி பந்தியில உட்காரணும். அடுப்படியில என்ன வேலை?"

"சாப்பிடப்போறது நான்தானே அண்ணே?" என்றது சிற்றடி மெதுவாக.

எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே வேலைக்குத் திரும்பினார்கள். சிற்றடி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போனது.

சித்திரை முடிவதற்குள் வேலை முடிந்தது. பழைய வாசலைக் கல் வைத்து, இண்டு இடுக்கில்லாமல் அடைத்தார்கள். மேற்கே பெரிய வாசல் திறந்தது. உள்ளே காய்ந்த புல் மெத்தை. காட்டுக்கோழி கூவித் திறப்புவிழா நடத்திவைத்தது. வந்தவர்களெல்லாம் வாசலில் நின்று அருவியைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "மேஸ்திரின்னா இவர் மேஸ்திரி!" என்றார்கள். கருங்குழலனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடி பிறந்தது. மந்திக் கூட்டம் அடிவாரத்துக்குக் கிளம்பியது.

"நான் வரலை. முதல் விருந்தாளி வந்து என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வரேன்" என்றது கருங்குழலன். பாராட்டு கேட்கும் ஆசை யாரை விட்டது?

மூன்றாம் நாள் மத்தியானம் பள்ளத்தாக்கு மறைந்தது. அருவி மறைந்தது. எங்கும் வெள்ளை மூட்டம். பிறகு காற்று கிளம்பியது. அது மலையேறி நேராகப் பெரிய வாசலுக்குள் நுழைந்தது. கூடவே சாரலும் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் புல் மெத்தை சொதசொதவென்று ஆனது. தண்ணீர் கிழக்குப் பக்கமாக ஓடியது. தரை பழைய கிழக்கு வாசலைப் பார்த்துத்தான் சரிந்திருந்தது. வாசல்தான் இல்லையே! தண்ணீர் முட்டித் தேங்கிக் கணுக்கால் வரை ஏறிவிட்டது. கருங்குழலன் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு பல் கிட்ட உட்கார்ந்திருந்தது.

டொக், டொக்.

அடைத்த சுவருக்கு வெளியே யாரோ குளம்பால் தட்டினார்கள்.

"யாரது?"

"நான்தான் அண்ணே, சிற்றடி. வாசல் எங்கே?"

கருங்குழலன் சுவரோடு வாயை வைத்துக் கத்தியது. "வாசல் மேற்கால இருக்கு தங்கச்சி. அப்படிச் சுத்தி வா!"

"முடியாதண்ணே. அந்தப் பக்கம் வந்தா காத்து என் குட்டியைத் தூக்கிட்டுப் போயிரும். பொறந்து இருபது நாள்தான் ஆகுது. காத்து கிளம்பினதும் பழைய நினைப்புல இந்தப் பாறை மறைவுக்குத்தான் ஓடி வந்தோம். இங்கே காத்து இல்லை. ஆனா தண்ணி மேலேயிருந்து சொட்டுது. குட்டி நடுங்குறதைக்கூட நிறுத்திருச்சு அண்ணே."

நடுக்கம் நின்றால் அடுத்து உயிர்தான் நிற்கும் என்று மலையில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் கருங்குழலனுக்கு உறைத்தது. பாறை வாசலை மறைக்கவில்லை. வாசலைக் காத்துக்கொண்டு நின்றது. கட்டினவன் மடையன் இல்லை. ஆடி மாதத்தில் இங்கே நனைந்தவன்.

"தள்ளி நில்லு தங்கச்சி!" என்று கத்திவிட்டுச் சுவரில் கை வைத்தது. முதல் கல் அசையவே மறுத்தது. வேலையில் குறை வைக்காமல் கட்டியிருந்தார்களே! நகத்தால் மண்ணைச் சுரண்டியது. விரல் கிழிந்தது. தோளைக் கொடுத்து முட்டியது. கடைசியில் ஒரு கல் பெயர்ந்தது. தேங்கிய தண்ணீர் சளசளவென்று வெளியே ஓடியது. இரண்டாவது கல். மூன்றாவது கல். சிற்றடி தலையைக் குனிந்து, குட்டியின் பிடரியைக் கவ்வி இழுத்துக்கொண்டு உள்ளே வந்தது.

ஆனால் பெரிய வாசல் வழியாகக் காற்று வீசிக்கொண்டேதான் இருந்தது. கருங்குழலன் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. கிழக்கே பெயர்த்த கல்லை மேற்கே கொண்டுபோய் வைத்தது. இடித்துக் குவித்த பழைய கற்களையும் புரட்டிக்கொண்டு வந்தது. கரடி சுமந்த கல்லை மந்தி சுமப்பதென்றால் சும்மாவா? ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக. பொழுது சாயும்போது பெரிய வாசல் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. காற்று கூரையோடு போயிற்று. தரைப்பக்கம் அமைதியானது.

கூரையின் உள்பக்கத்திலிருந்து உலர்ந்த புல்லை உருவி மூலையில் போட்டது கருங்குழலன். சிற்றடி குட்டியை அதில் கிடத்தி நக்கிக்கொண்டே இருந்தது. குட்டி அசையவில்லை. கருங்குழலன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் ரோமத்தைப் பிழிந்துவிட்டு, வயிற்றோடு அதை அணைத்துக்கொண்டது. அதற்கு அழுகை வந்தது. அழுதது. மழை நாளில் யாருக்குத் தெரியப்போகிறது!

வெகுநேரம் கழித்துக் குட்டி ஒரு தும்மல் போட்டது. இன்னொரு தும்மல். பிறகு வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது.

"பொழைச்சுக்கிச்சு!" என்றது சிற்றடி.

பிறகு கருங்குழலன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டது.

"தங்கச்சி, அன்னைக்கு நீ சொல்ல வந்ததை நான் முழுசாக் கேட்கலை. இப்பச் சொல்றியா?"

சிற்றடி குத்திக்காட்டவில்லை. காற்று எந்தப் பக்கம் எப்போது திரும்பும் என்று சொன்னது. புல்லைத் தரையில் போடாமல் மேலே சொருகி வைத்தால் உலர்ந்தே இருக்கும் என்றது. வாசல் தாழ்வாக இருந்தால்தான் சூடு தங்கும் என்றது. கருங்குழலன் ஒவ்வொன்றுக்கும் "உம்" கொட்டியது. நடுவில் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. அதற்கு அது பெரிய தவம்தான்.

மறுநாள் காலை மழை விட்டதும் சிற்றடி குட்டியோடு கிழக்கே இறங்கியது. கருங்குழலன் அந்த ஆடி முழுவதும் அடிவாரத்துக்குப் போகவில்லை. வந்து தங்கிய ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுக் கட்டடத்தைச் சரிசெய்தது. அந்த வருடம் கணவாயில் ஓர் உயிரும் குளிரில் போகவில்லை.

தை மாதம் கரடியும் அணில்களும் ஏறி வந்து பார்த்தார்கள். மேற்கே வெறும் சுவர். கிழக்கே பாறைக்குப் பின்னால் பழைய இடுக்கு வாசல்.

"அடப்பாவி! அந்த அழகான வாசல் எங்கே?" என்று அலறியது மொத்தையன்.

"அடைச்சிட்டேன்."

"மேஸ்திரியே நீதான். உனக்கு யார் சொன்னது?"

"நடந்து வந்தவ சொன்னா" என்றது கருங்குழலன்.

பிள்ளைகளே, பெரியவர்களே! தங்கப்போகிறவரைக் கேட்காமல் கட்டுகிற வீடு பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இருக்குமே தவிர, நனைந்து வருகிறவருக்கு அடைக்கலமாக இருக்காது.