தெருமுனையில் திரும்பாத தேர்

ஆறு அதன் போக்கில் ஓட, ராசா அவர் போக்கில் ஆண்ட ஒரு காலத்திலே, வெண்ணாவலூர் என்று ஒரு நாடு இருந்தது. ராசா பேர் வீரகண்டன். கொடுக்கிற கை. யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதே சரி என்று படும். அந்த ஒரு குறைதான்.

அவர் ஊருக்கு ஊர் நீர்ச்சக்கரம் வைக்க மரமும் இரும்பும் கொடுத்தார். கால்வாய்த் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் செக்கு ஆட்டும், நெல் குத்தும், மேட்டு வயலுக்குத் தண்ணீரும் இறைக்கும். மாடே வேண்டாம். அது தனி ஆள் சொத்தும் இல்லை, ஊருக்கே பொது.

மரம் கொடுத்தால் போதுமா? சக்கரத்தை எந்த மடையில் நிறுத்துவது, பலகையை எப்படிச் சாய்ப்பது, எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை முறை, அரண்மனைக்கு ஓலை எப்படி எழுதுவது? இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க அங்காயி என்று ஒருத்தி, கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தாள். அவர்களுக்கு அரண்மனை நெல் அளந்தது.

கருவூல அமைச்சர் பெத்தபெருமாளுக்கு அந்த நெல் கண்ணை உறுத்தியது.

"மகாராசா! மரம் கொடுத்தது நாம். சக்கரம் செய்வது ஊரார். சுற்றுவது ஆறு. இந்த மூன்று பேர் செய்வது என்ன? பக்கத்தில் நின்று பேச்சு! பேச்சுக்கு எதற்கு நெல்?"

"அதுவும் சரிதான்" என்றார் ராசா.

அன்றைக்கே முரசு அறைந்தார்கள். "பாரம் இழுப்பவருக்கே இனி அரண்மனைப் படி! பக்கத்தில் நிற்பவருக்குக் கிடையாது!"

மறுநாள் காலோடு புழுதியும் ஒட்டிவர அங்காயி சபைக்கு ஓடிவந்தாள்.

"சாமி, கீழமருதூர்க்காரங்க இப்பத்தான் முதல் சக்கரம் வெக்கிறாங்க. பத்து நாள்ல கால்வாயில தண்ணி வந்துரும். படி இல்லேன்னா நாங்க களை எடுக்கக் கூலிக்குப் போகணும். அவங்களுக்கு யாருங்க சொல்றது?"

"ஏன், அவர்களுக்குக் கை இல்லையா?" என்றார் அமைச்சர்.

"நாப்பது வீட்டுலயும் கை இருக்குங்க. அதாங்க பயம். போன வருசம் நாங்க போகாத ஊர்ல பலகையைத் திருப்பி வெச்சுட்டாங்க. சக்கரம் சுத்தலேன்னு தண்ணிக்குப் பொங்கல் வெச்சாங்க."

சபை சிரித்தது. ராசா அவளைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார். "சட்டம் போட்டாயிற்றே அம்மா" என்று இழுத்தார்.

அப்போது எழுந்தான் தாண்டவன். சபையில் அவன் வேலை, ராசா குழம்பும்போது வாயைத் திறப்பது.

"மகாராசா, அருமையான சட்டம். மூன்று பேரோடு ஏன் நிறுத்துவது? அரண்மனைச் சோறு தின்னும் எல்லாருக்கும் பொருத்துவோம். அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள்."

அமைச்சருக்கு வாயெல்லாம் பல். "தாண்டவன் இன்றைக்குத்தான் உருப்படியாகப் பேசியிருக்கிறான்!"

அங்காயி முகம் செத்துப்போயிற்று. அவளைக் கடந்து போகையில் தாண்டவன் மெல்லச் சொன்னான். "மூணு நாள் பொறு தாயி."

மூன்றாம் நாள் தேரோட்டம்.

தேருக்கு வடம் இழுப்பவர் ஐந்நூறு பேர். முட்டுக்கட்டை போடுபவர் நாலே பேர். சக்கரத்தடியில் கட்டையைச் செருகினால்தான் தேர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் செருகினால்தான் திரும்பும். முந்தின நாளே அந்த நாலு பேரையும் தாண்டவன் கூப்பிட்டுவிட்டான்.

"நீங்கள் வடம் இழுப்பீர்களா?"

"இல்லீங்க. பக்கத்துல நடந்து கட்டை போடுவோம்."

"பக்கத்திலா? சட்டப்படி உங்களுக்குச் சோறு கிடையாது. வீட்டிலேயே இருங்கள்."

அப்புறம் ஒரு காரியம் செய்தான். கிழக்குத் தெரு நேராக வந்து முட்டுகிற இடத்தில்தான் அமைச்சர் வீடு. அந்த வாசலில் நாலு வண்டி ஆற்று மணலைக் கொட்டச் சொன்னான்.

தேர் கிளம்பியது. கொட்டு, குலவை, வேட்டு! "கட்டைக்காரங்க எங்கப்பா?" என்று யாரோ கேட்டது ஒருவர் காதிலும் விழவில்லை. தெருமுனை வந்தது. தேர் தெற்குத் தெருவுக்குள் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வடத்தை விட்டுவிட்டு ஆட்கள் சிதறினார்கள். தேர் நேராகப் போய் அமைச்சர் வீட்டுப் பந்தலைச் சாய்த்து, மணலில் புதைந்து நின்றது. தேரின் மரக்குதிரை ஒன்று வாசல் வழியாகக் கூடத்துக்குள் தலையை நீட்டியது. தேங்காய்த் தட்டோடு நின்ற அமைச்சரும் குதிரையும் மூக்கோடு மூக்கு!

"புண்ணியவான்யா! சாமியே வீடு தேடி வந்துருச்சு!" என்றது கூட்டம்.

"அப்ப இன்னிக்குப் பந்தி இங்கதான்!" என்றார் இன்னொருவர்.

ராசா வேர்க்க விறுவிறுக்க வந்தார். "தாண்டவா! கட்டைக்காரர்கள் எங்கே?"

"சட்டப்படி வீட்டில், மகாராசா. அவர்கள் இழுப்பதில்லையே."

"இப்போது என்ன செய்வது?"

"இழுக்க ஐந்நூறு பேர் தயார். இன்னும் ஐந்நூறு பேரைக் கூப்பிடட்டுமா? அமைச்சர் வீட்டுக் கொல்லை வரைக்கும் போய்விடலாம்."

"ஐயையோ, வேண்டாம்!" குதிரைக்குப் பின்னாலிருந்து அமைச்சர் கத்தினார். "கட்டைக்காரர்களைக் கூப்பிடுங்கள்! இரட்டைப் படி கொடுக்கிறேன்!"

ராசா அமைச்சரைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "அங்காயி எங்கே?"

"இங்கதாங்க." வடத்துப் பக்கமிருந்து குரல் வந்தது. "படி வேணுமே, அதான் இழுக்க வந்தேன்."

"உன் படியும் உன் ஆட்கள் படியும் இனி நிற்காது. தேர் நிலைக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் போ."

"தண்ணி எனக்காகக் காத்திருக்காதுங்க. கீழமருதூருக்கு ஏழு நாள்தான் இருக்கு." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அவள் நடந்தாள்.

கட்டைக்காரர் நாலு பேரும் வந்தார்கள். மணலைத் தள்ளி, பின்னால் வடம் கட்டி இழுக்கச் சொல்லி, ஒரு பக்கம் கட்டை வைத்தார்கள். தேர் அன்னம்போலத் திரும்பியது. ராசா தன் பட்டுச் சால்வையைத் தாண்டவன் தோளில் போட்டுவிட்டுத் தேரோடு போனார். கூட்டமும் போயிற்று.

அமைச்சரும் தாண்டவனும் மட்டும் மணலில் நின்றார்கள்.

"எல்லாம் தெரிந்தே செய்தாயே, பாவி! முன்னாடியே எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஐயா, படி."

தாண்டவன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தேர் போன பக்கம் போனான். அமைச்சர் கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் போனார்.