பவளாயி வெட்டிய சின்னக் குளம்

முன்னொரு காலத்திலே, மழைகூட மந்திரவாதியின் அனுமதி வாங்கிப் பெய்த ஒரு நாட்டிலே, சடையன் பவளாயி என்று கிணறு வெட்டும் தம்பதி இருந்தார்கள். அவர்கள் வெட்டிய கிணற்றில் தூக்குக்குண்டை இறக்கினால் நூல் சுவரை விட்டு இம்மிகூட விலகாது. அதில் இருவருக்கும் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"இந்தக் கிணற்றுத் தண்ணீர் எனக்கு மட்டும்தான்" என்றான், அவர்கள் புதிதாக வெட்டிய கிணற்றைப் பார்க்க வந்த மந்திரவாதி.

"தாகம் எடுத்தவங்க எல்லாரும் குடிக்கட்டுமே" என்றான் சடையன். அவ்வளவுதான், இடுப்புயரக் கல்லாகிப் போனான்.

பவளாயி கதறினாள். மந்திரவாதி சிரித்தான். "உன் தோட்டத்தில் ஒரு குளம் வெட்டு. நீ அழைக்காமல் மூன்று உயிர்கள் தாமாக வந்து, நீரைத் தொட்டு, உன் கை படாமல் உயிரோடு வெளியேறினால் இவன் எழுவான். நீ தொட்டால் அந்த உயிரும் கல்லாகும். அதோடு, இந்தக் கல் தண்ணீரில் விழுந்தால் என்றைக்கும் கல்தான்." கிணறு வெட்டுகிறவள் எப்படி வெட்டுவாள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

கல்லைக் கரையில் நிறுத்தி, "பாத்துக்கிட்டே இரு மாமா" என்று சொல்லிச் சொல்லி வெட்டினாள். நான்கு பக்கமும் செங்குத்து. தண்ணீர் ஊறியது.

முதல் நாள் ஒரு தட்டான் வந்தது, நீரைத் தொட்டது, பறந்தது. இரண்டாம் நாள் ஒரு வௌவால் வந்தது, நீரைத் தொட்டது, பறந்தது. மூன்றாம் நாள் ஒரு கீரிக்குட்டி வந்தது, நீரைத் தொட எட்டியது, விழுந்தது.

சுவரைப் பிறாண்டியது. வழுக்கியது. மறுபடி பிறாண்டியது.

கரையிலிருந்த தேரை வாய் திறந்தது. "இறக்கை உள்ளதுக்குச் சரி தாயி. கால் உள்ளது எப்படி ஏறும்?"

பவளாயி கரைக்கு ஓடினாள். கடப்பாரையைச் சாய்த்தாள், குட்டியின் கால் வழுக்கியது. மண்வெட்டிக் காம்பை நீட்டினாள்; எட்டவில்லை. குட்டியின் மூக்கு மட்டும் மேலே தெரிந்தது. பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு கல்.

"மாமா, என்னை மன்னிச்சிடு. நீயா இருந்தாலும் இதைத்தான் செய்வே."

அழுதபடியே கடப்பாரையால் நெம்பினாள். கல் சரிந்து நீரில் சாய்ந்தது. கீரிக்குட்டி அதன்மேல் ஏறி, உடம்பை உதறிவிட்டு வேலிக்குள் ஓடியது.

கல் மூச்சு விட்டது.

ஆமாம், கல் மூச்சு விட்டது! மந்திரவாதி தான் எதற்குப் பயந்தானோ அதைச் சொல்லியே அவளைப் பயமுறுத்தியிருந்தான்; கல் நீரில் விழுந்தால் உடைவது அவன் மந்திரம்தான். எங்கோ அவன் கோட்டை புகையாகிக் கலைந்தது. பூட்டி வைத்த மழையெல்லாம் ஒன்றாக இறங்கியது. இடுப்பளவு நீரில் எழுந்து நின்ற சடையன் குளத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன புள்ள, ஒரு பக்கமாவது சரிவா வெட்டக் கூடாதா?"

மழையோடு மழையாக இருவரும் சேர்ந்து வெட்டினார்கள். கால் உள்ளது, இறக்கை உள்ளது, ரெண்டும் இல்லாமல் ஊர்வது, எல்லாம் அந்தச் சரிவில் இறங்கிக் குடித்துவிட்டு ஏறிப்போயின. தாகம் தீர்ந்தவர்கள் சொன்ன கதை இது, தாகம் உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.