கண்ணாடிப் பெட்டிக்குள் சீரியல் லைட்

வார்டு கவுன்சிலர் தணிகைவேலின் மகனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டுமாம். "கேம் நிக்காம ஓடணும், பெட்டிக்குள்ள கலர் கலரா லைட் எரியணும். நாப்பதாயிரத்துக்கு மேல பைசா கிடையாது. முடியலைன்னா கடைக்குப் பூட்டுதான்!" என்று மிரட்டினார்.

கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் ரெஜினா கணக்குப் போட்டுப் பார்த்தாள். லைட் வாங்கினால், கேம் நிக்காமல் ஓடத் தேவையான கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு பத்தாது. யோசித்து யோசித்துக் கார்டையே வாங்கினாள்.

மறுநாள் கேம் பறந்தது, பெட்டியும் ஜொலித்தது. கவுன்சிலர் குனிந்து பார்த்தார். "இதென்ன, கல்யாண வீட்டு சீரியல் லைட்டு? யாரை ஏமாத்தறே?"

ரெஜினா கடை வாசலைக் காட்டினாள்.

"நீங்க ஜெயிச்சன்னிக்கு உங்க ஆளுங்க எங்க கடை வாசல்ல கட்டினதுங்கய்யா. தெருவிளக்கு எரியாத எங்க தெருவுக்கு இத்தனை நாளும் இதுதான் வெளிச்சம்."

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கவுன்சிலர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலமே தெருவிளக்கு எரிந்தது.