வருவேன் என்ற சொல்

"அம்மா, கர்த்தர் எனக்குக் கொடுத்த வாக்கை மறந்துட்டாரா?"

ஜெபவீட்டுப் பாயில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக நெகேமியா கேட்டார்.

ஜெபவீட்டை நடத்தும் பெர்சிஸ் அம்மா அவரைவிடப் பல வயது இளையவர். ஆனாலும் மனம் கலங்கினால் அவர் வந்து நிற்பது இந்த அம்மாவிடம்தான்.

"எந்த வாக்கு, ஐயா?"

"எம்மக கெத்சீயாள் வீடு திரும்புவாள்ங்கிற வாக்கு."

தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மகளை வெளியே போகச் சொன்னவர் அவரேதான். மனைவி இறந்து, தனி ஆளாய் அழுது ஜெபித்த ஒரு நாளில், அவள் வருவாள் என்று உள்ளத்தில் உறுதி கிடைத்தது. அதன் பிறகு ஆறு கிறிஸ்மஸ் போய்விட்டது.

"தினமும் சாயங்காலம் முழங்கால் போடுறேன். ஒரு நாள் தப்பினதில்ல. இன்னும் எவ்வளவுதான் காத்திருக்க?"



"உங்க வீட்டுக்கு நான் வர்றேன்."

"எப்போ?"

"வருவேன்."

நெகேமியா வீட்டைக் கழுவிவிட்டார். வாழைப்பழம் வாங்கி வைத்தார்.

பழம் கறுத்தது. அம்மா வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோபத்தோடு போனார்.

"நீங்களும் சொன்ன சொல்லைக் காப்பாத்தலையே!"

"வந்தேனே."

"நான் வீட்டை விட்டு நகரவே இல்லையேம்மா!"

"செவ்வாய்க்கிழமை வந்தேன். வெள்ளிக்கிழமையும் வந்தேன். கேட்டைத் தட்டிக் கூப்பிட்டேன். உள்ளே நீங்க ஜெபத்துல இருந்தீங்க. தெருமுனை வரைக்கும் கேட்டுது."

"என்ன கேட்டுது?"

"பெர்சிஸ் அம்மாவைச் சீக்கிரம் அனுப்பும் ஆண்டவரேன்னு."

நெகேமியா நம்பாமல் தலையை ஆட்டினார்.

"உங்க எதிர்வீட்டுல பூ கட்டுறாங்களே, அவங்களைக் கேளுங்க" என்றார் அம்மா.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் அந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு வருஷம்தான். நாரிலிருந்து கண் எடுக்காமல் பேசினாள்.

"அந்தம்மா வந்தாக, அண்ணாச்சி. நீங்க ஜெபம் பண்ணுனா இடி விழுந்தாலும் கேக்காது, நாங்களே டிவி பாத்து நாளாச்சுன்னு சொல்லி அனுப்புனேன். போன மாசம் வந்த பிள்ளைகிட்டயும் இதைத்தான் சொன்னேன்."

"எந்தப் பிள்ளை?"

"இடுப்புல குழந்தையோட வந்துச்சே. உங்க மூக்கு அப்படியே அதுக்கு."



"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, தாயி!"

"கூப்பிடத்தான் எந்திரிச்சேன். அதுதான் கையைப் பிடிச்சு நிறுத்துச்சு. அப்பா ஜெபத்துல இருக்கும்போது யாரும் இடையில பேசக் கூடாதுன்னு சொல்லிச்சு. முடியட்டும்னு வெளியவே நின்னுச்சு. குழந்தை பசியில அழ ஆரம்பிச்சுட்டு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிடுச்சு. பெறகு வந்து உங்களைப் பாத்திருக்கும்னுல்ல நெனச்சேன்."

மறுநாள் சாயங்காலம் நெகேமியா கேட்டையும் கதவையும் திறந்து வைத்துவிட்டு முழங்கால் போட்டார்.

வாய் திறக்கவில்லை.

ஒரு சைக்கிள் போவது கேட்டது. எங்கோ குடம் நிறைவது கேட்டது. செருப்புச் சத்தம் ஒன்று வந்தது, கடந்து போனது.

வழக்கமான சத்தம் இல்லாததால், மனுஷனுக்கு என்ன ஆச்சோ என்று பேச்சியம்மாள் பயந்து வந்து வாசலில் நின்றாள். மெல்லத்தான் கூப்பிட்டாள்.

"இதோ இருக்கேன்!" என்று அவர் ஓடி வந்தார்.