ஒரு குடம் தண்ணீர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சிஷ்யன் என்றால் மீசை முளைக்காதவனாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ஜெபராணி. உப்பளங்களுக்கு நடுவே, ஒற்றை அறையில் நடக்கும் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

சிஷ்யைக்கு நாற்பத்தெட்டு. பெயர் உலகம்மாள். பத்தொன்பது வருஷம் சந்தையில் கருவாடு விற்றவள். எடையில் ஏமாற்ற வந்தவனை அந்த எடைக்கல்லாலேயே அடிக்க ஓங்கியவள். கூடப் பிறந்த தங்கையைப் பிரசவத்தில் பறிகொடுத்த மறுவருஷம், கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜெபராணி முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு இந்த வேலையக் கத்துக்குடுங்க சிஸ்டர். சம்பளம் வேண்டாம்."

ஜெபராணி கற்றுக்கொடுத்தாள். பிரஷர் பார்க்க, வயிற்றைத் தடவிப் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்ல, கால் வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்க்க. ஆறே மாதத்தில் உலகம்மாள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். கோபம் மட்டும் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் வரும் நாள். சண்முகக்கனி வந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். ஏழாம் மாதம். உடம்பு அனலாகக் கொதித்தது. நீர்க்கடுப்பு. இந்தப் பிள்ளை உண்டானதிலிருந்து இது மூன்றாவது தடவை.

"தண்ணி குடிச்சியா?" உலகம்மாள் கேட்டாள்.

"குடிச்சேன்க்கா."

"எவ்வளவு?"

"நிறைய."

"ஏட்டி, பொய் சொன்னா வாயைக் கிழிச்சுருவேன். நீ குடிச்ச லெச்சணம் மூத்திர டெஸ்ட்டுலயே தெரியுது."

கனி தலையைக் குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து வெடித்த பாதங்கள்.

போன தடவை அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, பிள்ளை பிறந்து ஒரு நாள்தான் இருந்தது. இந்தத் தடவை பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: கிருமி திரும்பத் திரும்ப வந்தால் இந்தப் பிள்ளையும் முன்னாடியே பிறந்துவிடும், மாத்திரை போதாது, தண்ணீர் குடித்தே ஆகவேண்டும்.

ஜெபராணி மாத்திரை கொடுத்து, பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். கனியின் தலை மறைந்ததும் உலகம்மாள் வெடித்தாள்.

"மூணு தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு சிஸ்டர். தண்ணி என்ன காசா, பணமா? எடுத்துக் குடிக்க வேண்டியதுதான? வயித்துப் பிள்ள மேல அக்கறை இல்லாதவளுக்கு நாம என்னத்தச் செய்ய? சொன்னா கேக்காதவளுக்கு என்ன மருந்து?"

ஜெபராணி ஊசிகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நாலஞ்சு நாள்ல காய்ச்சல் விட்டதும் அவ மறுபடி வேலைக்குப் போயிருவா. மழை வந்துட்டா நாலு மாசம் அளத்துல வேலை கிடையாதே. அன்னைக்கு நீங்களும் கூடப் போங்கக்கா. ஒரு குடம் தண்ணி எடுத்துட்டுப் போங்க. அவளுக்குச் சொன்ன அளவை நீங்க குடிங்க."

"நான் குடிச்சா அவளுக்கு எப்படி சிஸ்டர் குணமாகும்?"

"குடிச்சுட்டு வந்து சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு உலகம்மாள் தன் மொபெட்டில் குடத்தைக் கட்டிக்கொண்டு அளத்துக்குப் போய் இறங்கினாள். கனி ஏற்கெனவே பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். முன்னால் தள்ளிய வயிற்றோடு உப்பு வாரும் நீளப் பலகையை அவள் இழுப்பதை உலகம்மாள் பார்த்தாள். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு பக்கத்தில் இறங்கினாள்.

ஏழு மணிக்கு ஒரு சொம்பு குடித்தாள். எட்டு மணிக்குள் மூன்று சொம்பு. பக்கத்துப் பாத்திப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னட்டி இளிக்கிய?"

"சும்மாதான் யக்கா. குடிங்க, நல்லாக் குடிங்க."

ஒன்பது மணிக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் அவளுக்கு விளங்கியது. அடிவயிறு கனத்தது. சுற்றிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை. ஒரு மரம் இல்லை, செடி இல்லை, வரப்பு கணுக்கால் உயரம்கூட இல்லை. லாரியில் மூட்டை ஏற்றும் ஆண்கள் முப்பது பேர் நாலா பக்கமும். கடலோரத்தில் முள் அடர்ந்த உடைமரங்கள் சுண்டுவிரல் உயரத்துக்குத் தெரிந்தன.

"ஏட்டி கனி, எங்க போவீக?"

"எதுக்குக்கா?"

"எதுக்கா? ஒண்ணுக்குத்தான்."

"போமாட்டோம்க்கா."

"அவசரமா வந்தா?"

"வராது. அதான் குடிக்க மாட்டோம்ல."

உலகம்மாள் பலகையைக் கீழே போட்டாள்.

"அந்த உடைமரத்துக்குப் போயிட்டு வரலாம்ல?"

"போக வர முக்கா மணி நேரம். அரை நாள் சம்பளத்தப் பிடிச்சிருவாக. போன மாசம் ஒரு தடவ போனேன். பின்னாடியே ரெண்டு பேரு விசிலடிச்சுக்கிட்டு வந்தானுவ. பாதியிலயே திரும்பிட்டேன்."

"நாக்கு வறண்டுட்டா?"

"ஈரத்துணிய உதட்டுல ஒத்திக்குவோம். ரெண்டு மணிக்கு வேல முடிஞ்சு வீட்டுக்குப் போய்த்தான் குடிக்கிறது. அங்க வந்து இதெல்லாம் எப்படிச் சொல்ல? நீங்க வேற ஏசுவீக."

உலகம்மாளால் நேராக நிற்க முடியவில்லை. அப்போதுதான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நீலக் கதவு போட்ட ஒரு சின்னக் கட்டடம் கண்ணில் பட்டது.

"அது என்னது?"

"கக்கூசுக்கா."

"அடிப்பாவிகளா! பின்ன ஏன் அடக்கிக்கிட்டுக் கிடக்கிய?"

"ஆபீசர் வார அன்னைக்கு மட்டுந்தான் தொறப்பாக. மத்த நாளு பூட்டு."

கங்காணி தவசி உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தான். உலகம்மாள் குனிந்தபடியே அவன் முன்னால் போய் நின்றாள்.

"கக்கூஸ் சாவியக் குடு."

"யாரு நீ? சாவி ஆபீசுல இருக்கு."

"அப்ப உன் இடுப்புல தொங்குறது என்ன, தாயத்தா?"

தவசி சட்டையை இழுத்து மூடினான். "யம்மா, அது ஆபீசருக்குக் காட்டக் கட்டுனது. உள்ள சாக்கு அடுக்கியிருக்கு. அதத் தொறந்து விட்டா இவளுவ நாள் முழுக்க அங்கதான் நிப்பாளுவ. வேல நடக்காண்டாமா?"

"சரிப்பா. தொறக்க வேண்டாம்." உலகம்மாள் மலைபோல் குவிந்திருந்த அம்பாரத்தைப் பார்த்தாள். சேலையைக் கையில் பிடித்தாள். "உப்பு நல்லா வெள்ளையா இருக்கு. நான் இதுலயே உக்காந்துக்கிடுதேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"ஏ யம்மா! ஏய்! நில்லு!"

பூட்டு திறந்தது. சாக்குகளை அவளே தூக்கி வெளியே எறிந்தாள்.

வெளியே வந்தவள் போகவில்லை. முதல் விலைக்குப் படிந்து பழக்கமில்லை அவளுக்கு.

"சாவி."

"அதான் முடிஞ்சுதுல்லா?"

"என்னோடது முடிஞ்சுது."

தவசி காலையில் ஒரு தடவை என்றான். அவள் நாள் முழுக்க என்றாள். புள்ளத்தாச்சிக்கு மட்டும் என்றான். அத்தனை பொம்பளைக்கும் என்றாள். முதலாளியைக் கேட்கணும் என்றான். லேபர் ஆபீசுக்கு நீ கூட்டிப் போறியா, நான் வழி கேட்டுப் போகவா என்றாள். முப்பது லோடுமேன்களும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் தவசி இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் கையில் போட்டான்.

உலகம்மாள் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே பாத்திக்கு வந்தாள். ஒரு சொம்பு மொண்டு கனியிடம் நீட்டினாள்.

"இப்பக் குடிட்டி."

கனி சாவியைப் பார்த்தாள். நீலக் கதவைப் பார்த்தாள். தவசியைப் பார்த்தாள்.

"நெசமாவாக்கா?"

"நான் இருக்கேன், குடி."

கனி அண்ணாந்து குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை மற்ற பெண்கள் பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சொம்பு முடிந்தது. இன்னொன்று வாங்கினாள். மூன்றாவதில் பாதி குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். குடம் காலியானது.

உலகம்மாளுக்குச் சந்தோஷத்தில் அங்கே இருப்புக்கொள்ளவில்லை. இதை உடனே சிஸ்டரிடம் சொல்லியாக வேண்டும். கதவைச் சும்மா விட்டால் லாரிக்காரன்கள் நாறடித்துவிடுவான்கள். தவசியிடம் கொடுத்தால் சாவி பழையபடி இடுப்புக்குப் போய்விடும். கதவை இழுத்துப் பூட்டினாள். சாவியை மடியில் முடிந்தாள். மொபெட்டை உதைத்தாள்.

சுகாதார நிலையத்துக்கு வந்து சேர அரை மணி நேரமானது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், சாவியை மேஜைமேல் டக்கென்று வைத்தாள்.

"மருந்து கேட்டேன்ல சிஸ்டர்? இந்தா இருக்கு மருந்து!"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு அம்பாரத்தில் உட்காரப் போன இடத்தில் ஜெபராணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கனி குடிச்சாளாக்கா?"

"ரெண்டரைச் சொம்பு! என் கண்ணு முன்னால!"

"எத்தனை மணி இருக்கும்?"

"பத்தரை இருக்கும்."

ஜெபராணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று தாண்டியிருந்தது.

"அவளுக்கு வேலை எத்தனை மணி வரைக்கும்?"

"ரெண்டு மணி..."

உலகம்மாள் மேஜைமேல் கிடந்த சாவியைப் பார்த்தாள். அவள் கை மெல்லத் தன் அடிவயிற்றுக்குப் போனது.

ஜெபராணி சாவியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கும் அவ குடிக்கணும்க்கா. வண்டிய எடுங்க."